வலையை வைப்பது டாக்டர்... குமிழை ஆற்றுவது உடம்பு!

“ஆபரேஷன்தான் நல்லபடியா முடிஞ்சு போச்சே டாக்டர் ஐயா... இன்னும் எதுக்கு இந்த மாத்திரை? கையைப் பாருங்க, எப்படி நீலம் பாரிச்சுக் கெடக்கு! இதை நிறுத்திட்டு உங்க மருந்தையே சாப்பிட்டுக்கிடுதேன். நம்ம மருந்துலதான் பக்க விளைவே கிடையாதுல்லா?”

என் எதிரே உட்கார்ந்திருந்த அந்த அம்மாவுக்கு வயது 56. பக்கத்தில் வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற அவருடைய கணவர். மடியில் ஸ்கேன் படங்கள் வைத்த பெரிய பை. அந்த அம்மாள் சட்டையை முழங்கை வரை தள்ளிக் காட்டினார். அங்கங்கே காசு அகலத்துக்கு ஊதா நிறத்தில் தடிப்பில்லாத கறைகள். எங்கேயும் இடித்துக்கொண்ட நினைவே இல்லையாம்.

ஒரு சித்த மருத்துவனுக்கு இதைவிட இனிப்பான வார்த்தை வேண்டுமா? “இங்கிலீஷ் மருந்தை விட்டுட்டு உங்க மருந்துக்கு வந்துடுறேன்” என்று ஒருவர் தாமாக முன்வந்து சொல்கிறார்! ஆனால் நான் சொன்ன பதில் அவர்கள் இரண்டு பேருக்குமே பிடிக்கவில்லை.

“அம்மா, அந்த மாத்திரையில ஒரு வேளையைக்கூட நீங்களா நிறுத்தக் கூடாது. நிறுத்தினா, உங்க தலைக்குள்ள இப்ப நடந்துக்கிட்டிருக்கிற நல்ல வேலை கெட்டுப் போயிடும்” என்றேன்.

“ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு மாசமாச்சே... இன்னும் என்ன வேலை நடக்குது?” என்றார் கணவர்.

நல்ல கேள்வி. உங்கள் வீட்டிலோ, உறவிலோ, பக்கத்து வீட்டிலோ யாருக்காவது இந்தச் சிகிச்சை நடந்திருந்தால் உங்களுக்கும் இதே கேள்வி வந்திருக்கும். அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்று இரண்டாகத் தெரிந்தது

இந்த அம்மாள் முதன்முதலில் என்னிடம் வந்தது அதற்கு மூன்று மாதம் முன்னால். “இடது கண்ணுக்குப் பின்னால ஒரே குத்தல். எதைப் பார்த்தாலும் ஒண்ணு ரெண்டாத் தெரியுது. வாதம் தாக்கியிருக்கும்னு எங்க அண்ணன் சொல்லுதாங்க. ஏதாச்சும் தைலம் குடுங்க” என்றார். விரலைக் காட்டிப் பார்த்தேன். வலது கண் இரண்டு பக்கமும் நன்றாக ஓடியது. இடது கண் வெளிப்பக்கம் போக மறுத்து நடுவிலேயே நின்றுவிட்டது.

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் நாங்கள் நாடியும் மூலிகையும் மட்டும் படிக்கவில்லை. சடலத்தைப் பிரித்து உடற்கூறும் படித்தோம். கண்ணை அசைக்கும் நரம்புகளுக்கு ஒட்டினாற்போல மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் வளைந்து ஏறுகிறது என்பதை அங்கேதான் கண்ணால் பார்த்தேன். அந்த இடத்தில் எதுவோ நரம்பை அமுக்குகிறது என்று தோன்றியது. தைலம் கொடுக்கவில்லை. “நாளைக்கே நரம்பியல் டாக்டரைப் பாருங்க” என்று சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

ஸ்கேனில் தெரிந்தது. கண்ணுக்குப் பின்னால் உள்ள ரத்தக்குழாயின் பக்கவாட்டில் 14 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு குமிழ். டாக்டர்கள் இதை ‘அனியூரிசம்’ என்கிறார்கள்.

சைக்கிள் டியூபில் ஓரிடம் மட்டும் நைந்து போனால், காற்றடிக்கும்போது அந்த இடம் புடைத்துக்கொண்டு வருமே, அதேதான். ரத்தக்குழாயின் சுவர் பலவீனப்பட்ட இடத்தில் ரத்தத்தின் மோதலால் பை போலத் தள்ளிக்கொண்டு வருகிறது. இதைக் கேட்டதும் பயந்துவிடாதீர்கள். பெரியவர்களில் 100 பேரில் சுமார் 3 பேருக்கு இப்படி ஒரு குமிழ் இருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பெண்களுக்குச் சற்று அதிகம். பெரும்பாலானவை சின்னவை. வெடிக்காமலே, இருப்பதே தெரியாமலே ஆயுள் முடிந்துவிடும். சிலவற்றை டாக்டர்கள் படம் எடுத்துக் கண்காணிப்பதோடு சரி.

பெரிதாக இருப்பவை, வளர்பவை, நரம்பை அமுக்குபவை, ஆபத்தான இடத்தில் இருப்பவை... இவற்றுக்குத்தான் சிகிச்சை. வெடித்துவிட்டால் மூளையைச் சுற்றி ரத்தம் பரவி உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

கிளிப், சுருள், வலை

இந்தக் குமிழுக்கு வைத்தியம் மூன்று படியாக வளர்ந்தது. 1937-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வால்ட்டர் டாண்டி என்ற அறுவை நிபுணர் மண்டையோட்டைத் திறந்து, குமிழின் கழுத்தில் ஒரு வெள்ளிக் கிளிப்பைப் போட்டு இறுக்கினார். அடுத்தது 1990-ல். இத்தாலிய டாக்டர் குய்டோ குக்லியெல்மி, மண்டையைத் திறக்காமலே ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை அனுப்பி, குமிழுக்குள் பிளாட்டினக் கம்பிச் சுருளை நிரப்பும் முறையை நோயாளிக்குச் செய்து காட்டினார். இரண்டும் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கின்றன. பல நோயாளிகளுக்கு இவையே சிறந்த வழி.

ஆனால் வாய் அகன்ற பெரிய குமிழ்களில் சிக்கல் இருந்தது. வாய் அகன்ற பானையில் போட்ட உருண்டைபோலச் சுருள் வெளியே சரிந்து வரப் பார்க்கும். உள்ளே நிரப்பியதும் நாளடைவில் அமுங்கிப் போய், மறுபடி ரத்தம் புகும்.

அப்போதுதான் யோசனையைத் தலைகீழாகத் திருப்பினார்கள். குமிழைத் தொடவே வேண்டாம், அது முளைத்த குழாயைச் சரிசெய்வோம் என்றார்கள். அப்படி வந்ததுதான் ‘ஃப்ளோ டைவர்ட்டர்’ ஸ்டென்ட், அதாவது ரத்த ஓட்டத்தைத் திருப்பிவிடும் வலைக்குழாய். அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2011-ல் முதன்முதலாக அனுமதித்த வகையில், தலைமுடியைவிட மெல்லிய 48 உலோக இழைகளைப் பாய் முடைவதுபோல முடைந்திருந்தார்கள். தொடை இடுக்கிலோ, மணிக்கட்டிலோ உள்ள ரத்தக்குழாய் வழியாகக் கொண்டுபோய், குமிழின் வாயைத் தாண்டி, குழாய்க்குள்ளேயே விரித்துவிடுவார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞானக் கழகமும் இப்படி ஒரு வலைக்குழாயை உருவாக்கி, தயாரிப்பதற்கான தொழில்நுட்பத்தை 2021-ல் ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்திருக்கிறது என்பது நமக்குப் பெருமை.

படல் கட்டிய மடு

இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். ‘வலையை வைத்ததும் குமிழ் அடைபட்டுவிட்டது’ என்று நினைக்கிறார்கள். இல்லவே இல்லை! வலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் உலோகம். மீதி மூன்றில் இரண்டு பங்கும் ஓட்டை. பலருக்கு, ஆபரேஷன் மேஜையிலிருந்து எழுந்து வரும்போதும் குமிழுக்குள் ரத்தம் போய் வந்துகொண்டுதான் இருக்கும்.

அப்புறம் எப்படி ஆறுகிறது?

எங்கள் தாமிரபரணிப் பக்கத்து வாய்க்கால்களைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். வாய்க்காலின் கரை ஓரிடத்தில் குடைந்து போய், பக்கத்தில் ஒரு மடு உண்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடுகிற தண்ணீர் அதற்குள் சுழன்று சுழன்று கரையை மேலும் அரிக்கிறது. மடுவின் வாயில் நெருக்கமாக முடைந்த ஒரு மூங்கில் படலைக் கட்டிவிட்டால் என்ன ஆகும்? வாய்க்கால் தண்ணீர் படலை உரசியபடி நேராகப் போய்விடும். மடுவுக்குள் கசிகிற தண்ணீருக்கு வேகம் இருக்காது. சுழற்சி நின்றுவிடும். தேங்கும். வண்டல் படியும். கொஞ்ச நாளில் இரண்டு பக்கத்துக் கரையிலிருந்தும் புல் படர்ந்து வந்து படலையே மூடிவிடும். அப்புறம் படல் எது, கரை எது என்றே தெரியாது.

மூளையிலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. குமிழுக்குள் ரத்தத்தின் வேகம் குறைகிறது. தேங்கிய ரத்தம் உறைகிறது. உறைந்த கட்டிக்குள் உடம்பின் செல்கள் புகுந்து, அதை மெல்ல மெல்லத் தழும்புத் திசுவாக மாற்றுகின்றன. இன்னொரு பக்கம், ரத்தக்குழாயின் உட்சுவரில் வழுவழுப்பாகப் பதிந்திருக்கும் செல்கள் இரு கரையிலிருந்தும் பந்தலில் கொடி ஏறுவதுபோல வலையின் இழைகளைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து வருகின்றன. குமிழின் வாயின் குறுக்கே ஒரு புதிய சுவரை எழுப்புகின்றன. முயல்களின் ரத்தக்குழாயில் இப்படிக் குமிழை உண்டாக்கி, வலை வைத்து, வாரக்கணக்கில் காத்திருந்து நுண்ணோக்கியில் பார்த்த ஆராய்ச்சிகளில் இந்தக் காட்சி தெரிந்திருக்கிறது.

“வலை குறுக்கே இருந்தா, அந்தக் குழாயிலிருந்து பிரியற நல்ல கிளைகளும் அடைச்சுக்காதா?” என்று கேட்பீர்கள். பெரும்பாலும் அடைத்துக்கொள்வதில்லை. கிளைக்கு மறுமுனையில் வழி இருக்கிறது. மூளை ரத்தத்தைக் கேட்டு இழுத்துக்கொண்டே இருக்கிறது. குமிழோ முட்டுச்சந்து! வழி உள்ள இடத்தில் ஓட்டம் நிற்காது. வழியில்லாத இடத்தில் தேங்கிவிடும். அதே காரணத்தால், குமிழின் உடம்பிலிருந்தே ஒரு கிளை புறப்பட்டால், அந்தக் குமிழ் மூட அடம்பிடிக்கும்.

ஆக, குமிழை ஆற்றுவது டாக்டரும் இல்லை, வலையும் இல்லை. டாக்டர் படல் கட்டித் தருகிறார். புல்லை முளைக்க வைப்பது உங்கள் உடம்பு. உடம்புதான் முதல் வைத்தியர் என்று நாங்கள் சித்த மருத்துவர்கள் காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். அதை நவீன மருத்துவம் உலோக இழையில் நெய்து காட்டியிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அவசரப்பட்டால் ஆகாது

இந்த வேலைக்கு எத்தனை நாள் பிடிக்கும்? பெரிய, வாய் அகன்ற குமிழ் உள்ள 108 பேரைச் சேர்த்து அமெரிக்காவிலும் வேறு சில நாடுகளிலும் செய்த ஒரு முக்கியமான ஆய்வு, அந்த 2011 அனுமதிக்கே அடிப்படையாக இருந்தது. 6 மாதத்தில் சுமார் 74 சதவிகிதம் குமிழ்கள் முழுதாக மூடியிருந்தன. தொடர்ந்து படம் எடுத்துப் பார்த்தவர்களில் 1 வருடத்தில் இது சுமார் 87 சதவிகிதம். 3 வருடத்தில் 93. 5 வருடத்தில் 95.

இந்த எண்களை இன்னொரு தடவை படியுங்கள். நாள் ஆக ஆகக் கூடிக்கொண்டே போகிறது! மருந்தும் சிகிச்சையும் நாளாக ஆக வலுவிழப்பதைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். இங்கே நேர்மாறு. 6 மாதத்துப் படத்தில் கொஞ்சம் ரத்தம் உள்ளே போகிறது என்றால் அதற்குத் ‘தோல்வி’ என்று பெயர் இல்லை. ‘இன்னும் ஆறிக்கொண்டிருக்கிறது’ என்று பெயர்.

ஆபத்தே இல்லாத சிகிச்சை என்றும் சொல்லமாட்டேன். அதே ஆய்வில் 100-க்கு 5, 6 பேருக்குப் பெரிய பக்கவாதமோ, மூளை சம்பந்தப்பட்ட மரணமோ நேர்ந்தது. வயது கூடியவர்களுக்குக் குமிழ் மூடுவது சற்று மெதுவாகலாம். சிலருக்கு மூடாமலே போவதும் உண்டு. அவர்களுக்கு இரண்டாவது வலை வைக்க நேரலாம். பெரிய குமிழில் ரத்தம் உறையும்போது சுற்றிலும் அழற்சி ஏற்பட்டு, முதல் சில வாரங்களில் தலைவலியோ, கண் தொந்தரவோ முன்பைவிடக் கூடுவதும் உண்டு. அப்படிக் கூடினால் ‘இது சகஜம்தான்’ என்று நீங்களே முடிவு கட்டாமல், அன்றைக்கே உங்கள் டாக்டருக்குச் சொல்லுங்கள்.

உறையவும் வேண்டும், உறையவும் கூடாது!

இப்போது மாத்திரைக்கு வருவோம்.

ரத்தத்தில் ‘பிளேட்லெட்’ என்ற தட்டணுக்கள் உண்டு. புதிதாக எந்த அந்நியப் பொருளைக் கண்டாலும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்வது அவற்றின் குணம். உட்சுவர் படர்ந்து மூடும் வரை, அந்த வலை ரத்தத்துக்கு வெறும் உலோகம்தான். தட்டணுக்கள் அதில் ஒட்ட ஆரம்பித்தால் கட்டி உண்டாகும். அந்தக் கட்டி குழாயையே அடைக்கலாம். பிய்த்துக்கொண்டு மேலே போய் மூளையின் சிறு குழாயை அடைக்கலாம். இரண்டுக்கும் பெயர் பக்கவாதம்.

பாருங்கள் வேடிக்கையை! குமிழுக்குள் ரத்தம் உறைய வேண்டும். ஒரு மயிரிழை தள்ளி, குழாய்க்குள் உறையவே கூடாது. இந்த இரண்டையும் ஒரே சமயத்தில் சாதிப்பதற்குத்தான் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெல் போன்ற இன்னொரு மாத்திரையும். இவை தட்டணுக்களின் பிசுபிசுப்பைக் குறைக்கின்றன. குமிழுக்குள்ளோ ரத்தம் அசையாமல் தேங்கி நிற்பதால், இந்த மாத்திரைகளையும் மீறி அங்கே உறைந்துவிடுகிறது.

இரண்டு மாத்திரையும் சேர்ந்து வழக்கமாக 3 முதல் 6 மாதம். சிலருக்கு இன்னும் கூடுதல். அதன்பிறகு ஆஸ்பிரின் மட்டும் வெகுகாலம். எது, எவ்வளவு, எதுவரை என்பதைப் படத்தைப் பார்த்து உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். குளோபிடோக்ரெல் சிலருடைய உடம்பில் சரியாக வேலை செய்யாது. பிறவியிலேயே அமைந்த மரபணு வேறுபாடு இதற்கு ஒரு காரணம். ஆசிய நாட்டு மக்களிடம் இந்த வேறுபாடு ஐரோப்பியரைவிட அதிகம். அதனால் பல இடங்களில் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்து, தேவைப்பட்டால் வேறு மாத்திரைக்கு மாற்றுகிறார்கள்.

அந்த அம்மாளின் கையில் இருந்த நீலக் கறைகள் மாத்திரை வேலை செய்வதன் அடையாளம். அதற்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. கறுப்பாக மலம் போவது, நிற்காத மூக்கு ரத்தம், சிறுநீரில் ரத்தம் இவையெல்லாம் உடனே டாக்டரிடம் ஓட வேண்டிய விஷயங்கள். ஓட வேண்டியது டாக்டரிடம். மாத்திரையை நீங்களாகத் தூக்கிப் போடுவது வழியல்ல.

நான் வாய் திறக்காத நாள்

நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா?

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் என் பள்ளிக்கூட நண்பன் ஒருவன் மூட்டுவலிக்கு என்னிடம் மருந்து சாப்பிட்டு வந்தான். அதற்கு மூன்று மாதம் முன்புதான் அவனுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். மூளை வலைக்கும் இதய ஸ்டென்ட்டுக்கும் வேலை வேறு. ஆனால் மாத்திரை விஷயத்தில் இரண்டும் அண்ணன் தம்பி. ஒரு நாள் பேச்சுவாக்கில், “அந்த மாத்திரையெல்லாம் விட்டாச்சுடா. உன் மருந்திலேயே உடம்பு நல்லாத்தான் இருக்கு” என்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றாவது வாரம் அவனுக்கு மாரடைப்பு. ஸ்டென்ட் அடைத்துவிட்டது என்றார்கள். உயிர் பிழைத்தான். ஆனால் பழைய பலம் திரும்பவில்லை. மாடிப்படி ஏற ஆளைப் பிடித்துக்கொள்கிறான். இன்றுவரை அவன் என்னைக் குற்றம் சொன்னதில்லை. அவன் சொல்லாவிட்டால் என்ன? எனக்குத் தெரியுமே! ‘ஏன்டா விட்டே? போய் உன் டாக்டர்கிட்டே கேளு’ என்ற ஒரு வார்த்தைக்குப் பஞ்சம் வந்துவிட்டது அன்றைக்கு எனக்கு.

அதனால்தான் இந்த அம்மாளிடம் பேசும்போது நான் தயங்கவில்லை. “உங்க குமிழை மூட என்கிட்டே மருந்து கிடையாது. எந்தச் சித்த மருத்துவர்கிட்டேயும் கிடையாது. இருக்குன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க” என்றேன். இதைச் சொல்வதால் என் வைத்தியத்துக்குக் குறைவு வந்துவிடாது. எல்லை தெரிந்த வைத்தியனைத்தான் ஜனங்கள் கடைசிவரை நம்புவார்கள்.

சமையல் வேறு, மருந்து வேறு

“அப்போ பூண்டு, இஞ்சி, மஞ்சள் சேர்க்கலாமா?” என்று அந்த அம்மாள் கேட்டார். ரசத்தில் நாலு பல் பூண்டும், குழம்பில் மஞ்சளும் தாராளமாக இருக்கட்டும். ஆனால் பூண்டு லேகியம், பூண்டு மாத்திரை, மஞ்சள் கேப்ஸ்யூல், ஜிங்கோ மாத்திரை என்று அளவு கூட்டி மருந்தாக எடுக்கும்போது இவையும் தட்டணுக்களைத் தளர்த்தக்கூடும். ஏற்கெனவே இரண்டு மாத்திரை தளர்த்திக்கொண்டிருக்கும்போது மூன்றாவது எதற்கு?

“மூலிகைதானே, என்ன செய்துவிடும்?” என்பது ஆபத்தான பேச்சு. குணம் செய்யும் சக்தி உள்ள பொருளுக்குக் குணம் கெடுக்கும் சக்தியும் உண்டு. ஒன்று இருந்து மற்றொன்று இல்லாமல் இருக்க முடியாது. எந்தச் சூரணமானாலும், கஷாயமானாலும், சீட்டில் எழுதி ஸ்டென்ட் வைத்த டாக்டரிடம் காட்டிவிட்டுச் சாப்பிடுங்கள்.

ஸ்டென்ட் வைக்கும் டாக்டர்களுக்கும் என் தாழ்மையான வேண்டுகோள் ஒன்று உண்டு. “மாத்திரையை நிறுத்தக் கூடாது” என்று மட்டும் சொல்லி அனுப்புகிறீர்கள். ‘ஏன்’ என்பதைத் தமிழில் நாலு வரி சொல்லக் கூடாதா? அந்தக் கணவரும் மனைவியும் படித்தவர்கள். சென்னையில் லட்சக்கணக்கில் செலவழித்து வைத்தியம் பார்த்தவர்கள். ‘ஆபரேஷன் முடிந்தது, மாத்திரை ஏதோ சத்துக்கு’ என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதோடு, “நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?” என்று கோபப்படாமல் கேளுங்கள். திட்டுவீர்கள் என்ற பயத்தில்தான் ஜனங்கள் மறைக்கிறார்கள். மறைக்கிற மருந்துதான் கெடுதல் செய்கிறது.

இவற்றை மறக்காதீர்கள்

● ஸ்டென்ட் வைத்த தேதி, ஸ்டென்ட்டின் வகை, சாப்பிடும் மாத்திரைகள் எழுதிய அட்டை எப்போதும் பர்ஸில் இருக்கட்டும். எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் அதைக் காட்டுங்கள்.

● பல் பிடுங்கப் போனாலும் முதலில் அட்டையைக் காட்டுங்கள். பல் டாக்டரும் ஸ்டென்ட் டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். ‘பல்லுக்காக நாலு நாள் மாத்திரையை நிறுத்தினேன்’ என்பது வேண்டாம்.

● உடம்பு வலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் வாங்கிப் போடாதீர்கள். ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம்.

● வயிற்றெரிச்சலுக்கு ஓமிப்ரசோல் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அது குளோபிடோக்ரெல்லின் வேலையைக் குறைக்கும். அதற்குப் பொருத்தமான வேறு மாத்திரையை டாக்டர் தருவார்.

● சலூனில் கழுத்தைத் திருப்பிச் சொடக்கெடுப்பது அடியோடு வேண்டாம். கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து போகலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் காலத்தில் அழுத்தித் தேய்க்கும் தொக்கணமும் வர்மத் தட்டலும்கூட வேண்டாம்.

● பீடி, சிகரெட், புகையிலை... இன்றோடு விட்டுவிடுங்கள். ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வையுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறையுங்கள். இது குமிழ் இருக்கும் எல்லோருக்கும்.

● இது வரை தெரியாத கடும் தலைவலி, இடி விழுந்தாற்போல ஒரு நொடியில் வந்தால், கூடவே வாந்தியோ, மயக்கமோ, கழுத்து விறைப்போ இருந்தால், சுக்குப் பற்றுப் போட்டுப் படுக்க வைக்காதீர்கள். அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரி. வாய் கோணுதல், கை கால் தளர்தல், பேச்சுக் குழறல் எது வந்தாலும் அப்படித்தான். 108-க்குப் போன் செய்யுங்கள்.

அந்த அம்மாளுக்கு என்ன ஆயிற்று?

நான் சொன்னதை முணுமுணுத்துக்கொண்டேதான் கேட்டுக்கொண்டு போனார். போன வாரத்திலேயே சென்னை டாக்டரிடம் போனில் பேசி, கையில் இருந்த கறையைச் சொன்னார்களாம். அவர் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி, வயிற்றுக்கு ஒரு மாத்திரை மட்டும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்.

மூன்றாவது மாதம் கண்ணின் குத்தல் விட்டது. ஆறாவது மாதப் படத்தில் குமிழின் அடியில் ஒரு ஓரம் மட்டும் இன்னும் ரத்தம் போய்க்கொண்டிருந்தது. கணவர் முகம் தொங்கிப் போய் வந்தார். “இவ்வளவு செலவு பண்ணியும் ஃபெயிலாயிடுச்சு டாக்டர் ஐயா” என்றார். “மடுவில் பாதி வண்டல் படிஞ்சிருக்கு சார். மீதி படியட்டும்” என்றேன். அவர்கள் டாக்டரும் இரண்டு மாத்திரையையும் தொடரச் சொல்லி, காத்திருக்கச் சொன்னாராம்.

ஒரு வருஷம் கழித்து எடுத்த படத்தில் குமிழ் இருந்த இடமே தெரியவில்லை. ரத்தக்குழாய் நேராக, சுத்தமாக ஓடியது. இப்போது ஆஸ்பிரின் மட்டும்தான். போன மாதம் வந்தபோது விரலைக் காட்டினேன். இடது கண் வெளிக்கோடிவரை வந்து நின்றது.

“ஒண்ணாத்தான் தெரியுதா?” என்று கேட்டேன்.

“ஒண்ணாத்தான் தெரியுது. ஆனா, இந்த ஒரு வருஷத்துல நான் என்ன செஞ்சேன், வெறுமனே மாத்திரையைத்தானே முழுங்கினேன்?” என்றார் சிரித்தபடி.

அதைத்தான் செய்ய வேண்டியிருந்தது. அன்பர்களே, உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிக் காத்திருந்தால், தினமும் அந்த மாத்திரையைத் தண்ணீரோடு கையில் கொடுத்து, “போட்டாச்சா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உள்ளே உடம்பு சத்தமில்லாமல் சுவர் எழுப்பிக்கொண்டிருக்கிறது. அது முடியும்வரை அதற்கு ஒத்தாசையாக இருப்பதுதான் நம் வேலை.